கழுவியும் அரிக்கும் அலுமினியப் படகு

உங்கள் கேள்வியின் சாரம் இது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கிறீர்கள். 4.3 மீட்டர் நீளமுள்ள பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கி, டிரெய்லரில் வைத்து இழுத்துச் சென்று மோர்ட்டன் விரிகுடாவில் மீன்பிடிக்கிறீர்கள். வீடு திரும்பியதும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுகிறீர்கள். பின்பலகையில் அரிப்பைத் தடுக்க ஜிங்க் (துத்தநாக) கட்டியும் இருக்கிறது. அப்படியிருந்தும் இரண்டே ஆண்டுகளில் தரைப்பலகைக்குக் கீழே வெள்ளைப் பொடி பூத்து, ஊசி நுழையும் அளவுக்கு இரண்டு துளைகள் விழுந்துவிட்டன. உட்புறம் முழுவதும் பெயின்ட் அடித்துவிட்டால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயின்ட் டப்பாவை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். இந்தக் கடற்கரையில் பல ஆண்டுகளாக அலுமினியப் படகுகளுக்கு வெல்டிங் வேலை செய்து வருகிறேன். என்னிடம் துளையோடு வரும் படகுகளில் பெரும்பாலானவை கடலால் கெட்டவை அல்ல. கரையில், வீட்டு முற்றத்தில், நிறுத்திவைத்த இடத்தில் கெட்டவை. உங்களுடையதும் அப்படித்தான் என்று நீங்கள் சொன்ன விவரங்களே காட்டுகின்றன.

நம் ஊர்க் கரைகளில் மரப்படகும் ஃபைபர் படகும்தான் அதிகம். அதனால் அலுமினியப் படகைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்த அறிவு நமக்கு இல்லை. ஆனால் அடுக்களையில் அந்த அறிவு உண்டு. புளிக்குழம்பை இரவு முழுக்க அலுமினியச் சட்டியில் விட்டுவைக்கக் கூடாது என்பார்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில் அலுமினியக் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாகக் குழி இருக்கும். பக்கச் சுவர் பளபளவென்று இருக்க, தண்ணீர் தங்கும் அடிப்பகுதி மட்டும் ஏன் அப்படி ஆகிறது என்று யோசித்தால் உங்கள் படகின் கதையில் பாதி புரிந்துவிடும்.

அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாக உருவாகும் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர் தடிமன்தான்; கண்ணுக்குத் தெரியாது. கீறினால் காற்றில் உடனே மறுபடி உருவாகிவிடும். பி.எச். எனப்படும் அமில-கார அளவு 4 முதல் 8.5 வரை இந்தப் படலம் நிலைத்து நிற்கும். கடல்நீரின் பி.எச். ஏறத்தாழ 8.1. ஆகவே ஓடும் கடல்நீர் தன்னளவில் இந்த உலோகத்துக்குப் பெரிய பகை இல்லை. கடல்நீரில் உள்ள குளோரைடு படலத்தை ஆங்காங்கே பலவீனமான புள்ளிகளில் துளைக்கும், உண்மைதான். ஆனால் 5052, 5083 போன்ற மக்னீசியம் கலந்த கடல்தரக் கலவைகளில் அந்தக் குழிகள் போகப் போகச் சோர்ந்துவிடும். ஒரு குழியின் ஆழம் இரு மடங்காக வேண்டுமென்றால், தோராயமாக எட்டு மடங்கு காலம் பிடிக்கும். முதல் ஆண்டில் கொஞ்சம் பொத்தல் தெரிந்தாலும் பிறகு பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். பெயின்டே இல்லாத மீன்பிடிப் படகுகள் பல பத்தாண்டுகள் கடலில் உழைப்பது இதனால்தான்.

அப்படியானால், தகடு இரண்டே ஆண்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் துளைபட்டிருக்கிறது என்றால், குழியைச் சோரவிடாமல் ஏதோ ஒன்று தொடர்ந்து தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அது வேற்று உலோகமாக இருக்கலாம், வடியாத நீராக இருக்கலாம், கசியும் மின்சாரமாக இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு சேர்ந்தே இருக்கும்.

ஒரு படகைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போலவே நாலரை மீட்டருக்குள், 2 மி.மீ. அடித்தகடு. தரைப்பலகையைத் தூக்கினேன். விலாச்சட்டங்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் தயிர்ப் பதத்தில் ஒரு கூழ் படிந்திருந்தது. அலுமினியம் கரைந்து உண்டாகும் ஹைட்ராக்சைடு அது. மரக்குச்சியால் வழித்தபோது குச்சி எதன் மீதோ தட்டியது. விரலால் எடுத்தேன், சுண்டைக்காய் அளவில் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டு ஒன்று, அதன் காதில் ஸ்விவல் எனப்படும் சுழலும் பித்தளை வளையம். கழுவிப் பார்த்தால் குண்டு கடையில் வாங்கியது போல முழுசாக இருந்தது. அது கிடந்த இடத்தில் தகடு அச்சு எடுத்தது போல அதே வடிவத்தில் குழிந்திருந்தது. கீழே விளக்கைப் பிடித்தேன். குழியின் நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி. அந்தப் படகில் மட்டும் பதினொரு ஈயக் குண்டுகளும் ஐந்து காசுகளும் எடுத்தோம். அதன் உரிமையாளரும் உங்களைப் போலவே ஒவ்வொரு முறையும் கழுவுபவர்தான். மேலிருந்து அவர் பீய்ச்சிய தண்ணீர், குண்டுகளைப் பள்ளத்துக்குத்தான் உருட்டிவிட்டிருந்தது.

இது ஏன் நடக்கிறது? இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு நீரில் நனைந்தால் அது ஒரு சிறிய பாட்டரி. கடல்நீரில் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு மின்னழுத்தம் உண்டு. கடல்தர அலுமினியத்துக்குச் சுமார் மைனஸ் 0.75 முதல் மைனஸ் 1 வோல்ட். செம்பு மைனஸ் 0.3 அருகே, ஈயம் மைனஸ் 0.2 அருகே, நல்ல நிலையில் உள்ள 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிட்டத்தட்ட பூஜ்யம். இதில் அதிக மைனஸில், அதாவது கீழே, இருப்பது கரையும்; மேலே இருப்பது பத்திரமாக இருக்கும். படகில் நாம் கொண்டுவந்து போடும் ஏறக்குறைய எல்லாமே அலுமினியத்துக்கு மேலே இருப்பவை. துத்தநாகமும் மக்னீசியமும் மட்டும்தான் அதற்குக் கீழே.

இந்தப் பாடத்துக்குக் கடல் வரலாற்றில் விலை கொடுத்திருக்கிறார்கள். 1895இல் அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தை வென்ற டிஃபென்டர் என்ற பாய்மரப் படகை நத்தானியேல் ஹெரஷாஃப் வடிவமைத்தார். எடையைக் குறைக்க நீர்மட்டத்துக்கு மேலே அலுமினியத் தகடு, கீழே வெண்கலத் தகடு, உள்ளே எஃகுச் சட்டங்கள் என்று கட்டினார். வெண்கலமும் எஃகும் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே கடல்நீர். பந்தயத்தில் வென்ற அந்தப் படகை 1901இல் உடைத்துப் போட்டார்கள். அது நடந்து நூறாண்டு கழிந்த பிறகும் அதே தவறு திரும்ப வந்தது. அமெரிக்கக் கடற்படையின் இண்டிபென்டென்ஸ் என்ற அலுமினியப் போர்க்கப்பல் 2010இல் பணியில் சேர்ந்தது. நீரைப் பீய்ச்சி உந்தும் அதன் கருவியின் எஃகும் உடலின் அலுமினியமும் சந்திக்கும் இடத்தில் கடும் அரிப்பு இருப்பது மறுஆண்டே வெளியே வந்தது. பிறகு அரிப்புத் தடுப்பு மின்காப்பு அமைப்பைச் சேர்த்துத்தான் சரிசெய்தார்கள். அவ்வளவு பெரிய கப்பலுக்கே இது நேரும் என்றால், மீன்பிடிப் பெட்டியிலிருந்து விழுந்த ஒரு குண்டைக் கவனிக்காமல் விட்டதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. இனிமேல் கவனித்தால் போதும்.

ஆகவே முதல் வேலை, தரைப்பலகையைக் கழற்றுவது. ஆண்டுக்கு ஒரு முறையாவது கழற்றத்தான் வேண்டும். குண்டு, தூண்டில் முள், காசு, பித்தளைத் துண்டு, கம்பி வெட்டியபோது சிதறிய செப்பு இழை, துளையிட்டபோது விழுந்த எஃகுத் துகள், எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். எஃகு கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் இரும்புத் துகள்கள் தகட்டில் பதிந்து அங்கங்கே புதிய குழிகளைத் தொடங்கிவைக்கும். நைலான் பிரஷ் அல்லது இரும்பில் ஒருபோதும் பயன்படுத்தாத ஸ்டெயின்லெஸ் பிரஷ் வையுங்கள்.

தரைப்பலகை எந்த மரம் என்று பார்த்தீர்களா? நீங்கள் வாங்கும் முன் யாராவது மாற்றியிருந்தால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இங்கே கட்டுமானப் பொருள் கடைகளில் கிடைக்கும் இலேசான பச்சை நிற மரமும் பிளைவுட்டும் கரையான் அரிக்காமல் இருக்கச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் உப்புகளால் பதப்படுத்தியவையாக இருக்கலாம். ஆர்செனிக் இல்லாத புதிய ரகங்கள் பலவற்றிலும் செம்பு உண்டு. மழையிலும் உப்பு நீரிலும் அந்தச் செம்பு கசிந்து அலுமினியத்தின் மேல் படியும். படிந்த ஒவ்வொரு துகளும் ஒரு சிறு ஈயக் குண்டு செய்யும் வேலையைச் செய்யும். வேலிக்கும் தோட்டத்துக்கும் அது அருமையான மரம். அலுமினியப் படகுக்குள் ஓர் அடி துண்டுகூட வரக்கூடாது. பதப்படுத்தாத மரைன் பிளைவுட்டை எபாக்ஸியால் எல்லா விளிம்பும் மூடிப் போடுங்கள், அல்லது அலுமினியத் தகட்டையே தரையாக்கிவிடுங்கள். பின்பலகைக்குள் செருகியிருக்கும் மரத்துக்கும் இதே விதிதான்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளைத் தவிர்க்க முடியாது. தூண்டில் தாங்கி, கைப்பிடி, எஞ்சின் எல்லாம் அவற்றில்தான் நிற்கின்றன. பெரிய அலுமினியப் பரப்பில் சிறிய ஸ்டெயின்லெஸ் இருப்பதால் பாதிப்பு மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் போல்ட் தலையின் கீழே நீர் புகுந்து தங்கினால் அங்கே உள்ளூரக் குடைந்துவிடும். போல்ட்டைச் சுற்றி பெயின்ட் கொப்பளித்திருந்தால் அதற்குக் கீழே வெள்ளைப் பொடி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நைலான் வாஷரும் புஷ்ஷும் போட்டு, மரையிலும் தலைக்குக் கீழும் இரு உலோகங்களைப் பிரித்துவைக்கும் டியூராலாக் அல்லது டெஃப்-ஜெல் பசையைத் தடவி முடுக்குங்கள். டியூராலாக்கில் பேரியம் குரோமேட் இருக்கிறது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ரிவெட் மாற்ற வேண்டியிருந்தால் அலுமினிய ரிவெட் மட்டும்.

இனி நீர். நீங்கள் கழுவுவது வீண் இல்லை. ஆனால் கழுவும் இடம் போதவில்லை. மேலே பார்க்கத் தெரியும் பரப்புகள் மழையிலேயே சுத்தமாகிவிடும். உப்பு ஒளிந்திருப்பது தரைக்குக் கீழே, விலாச்சட்டங்களின் மூலையில், நுரைப்பஞ்சுக்கு அடியில். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. வடியாமல் நின்ற ஒரு லிட்டர் காய்ந்தால் அத்தனையும் அங்கேயே தங்கும். அது காய்ந்து கிடப்பதாக நினைக்கிறோம், உண்மையில் காய்வதே இல்லை. மழைக்காலத்தில் ஜாடியில் உள்ள கல்லுப்பு நீர்விட்டுக்கொள்வதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். பிரிஸ்பேன் கோடை இரவில் உங்கள் படகின் அடித்தகடு விடிய விடிய ஈரமாகத்தான் இருக்கிறது. மாதம் இரண்டு நாள் கடலுக்குப் போகிறவரின் படகு, மீதி நாள் முழுக்க முற்றத்திலேயே உப்பில் ஊறுகிறது.

தேங்கிய நீர் இன்னொரு வகையிலும் கெடுக்கும். ஆக்சைடு படலம் பழுதானால் அது மறுபடி சீராவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஈர நுரைக்கும் தகட்டுக்கும் நடுவே, நனைந்த கார்பெட்டின் அடியில், மக்கிய இலையும் மணலும் படிந்த மூலையில் ஆக்சிஜன் வந்து சேராது. அங்கே படலம் மறுபடி உருவாக வழியில்லை. உப்பு நீரில் நனைத்த பத்துப் போட்டு வைத்தது போல அந்த இடம் மட்டும் அரித்துக்கொண்டே போகும். டிரெய்லரில் படகு உட்காரும் கட்டைகளில் கார்பெட் சுற்றியிருக்கிறதா? கடலுக்குப் போய்ப் பத்து நாள் ஆன ஒரு படகை ஜாக்கியில் தூக்கி, அந்தக் கார்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். நகத்தைச் சுற்றி நீர் ஊறி வந்தது. நாக்கு நுனியில் வைத்தால் கரித்தது. மேலே தகட்டில் கார்பெட்டின் நெசவு அப்படியே வெள்ளையில் பதிந்திருந்தது. கார்பெட்டைக் கிழித்து எறிந்துவிட்டு வழுக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் போடுங்கள்.

கழுவும் முறையைச் சொல்கிறேன். கரையேறியவுடன், உப்பு காய்வதற்கு முன், வடிகால் தக்கையைக் கழற்றுங்கள். வீட்டில் படகின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, தரைக்குக் கீழே குழாயைச் செருகி முன்னிருந்து பின்னாக நிறையத் தண்ணீர் விடுங்கள். அழுத்தம் தேவையில்லை, அளவும் நேரமும்தான் தேவை. வடிகாலில் வரும் நீரை விரலில் தொட்டுச் சுவைத்துப் பாருங்கள். கரிப்பு நிற்கும் வரை நிறுத்தாதீர்கள். தக்கையைக் கழற்றியபடியே, மூடுதுணிக்குள் காற்றோட்டம் இருக்கும்படி நிறுத்துங்கள். சட்டங்களில் நீர் வழிய விட்டிருக்கும் துளைகள் மண்ணடைத்திருந்தால் குத்தி விடுங்கள். வடியாத மூலை இருந்தால் அங்கே ஒரு துளை போடலாம். ஆனால் எந்தச் சட்டம் எவ்வளவு சுமை தாங்குகிறது என்று தெரிந்தவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். தரைக்குக் கீழே உள்ள மிதவை நுரை நீர் குடித்திருந்தால் எடுத்துவிட்டு, நீர் குடிக்காத மூடிய துளை ரக நுரையைத் தகட்டோடு ஒட்டாமல் வையுங்கள். நுரையே இல்லாமல் விடக்கூடாது. படகு நீர் நிறைந்தாலும் மூழ்காமல் உங்களைத் தாங்குவது அதுதான்.

ஜிங்க் கட்டி இருந்தும் ஏன் காக்கவில்லை என்று வியந்திருக்கிறீர்கள். ஆனோடு எனப்படும் அந்தக் கட்டி, தான் நனைந்திருக்கும் அதே நீரில் நனைந்திருக்கும் பரப்பைத்தான் காக்கும். டிரெய்லரில் இருக்கும்போது அது வெறும் எடை. கடலில் இருக்கும்போதும் வெளிப்புறத்தைக் காக்குமே தவிர, உள்ளே தேங்கிய நீர் தனிக் குட்டை. அங்கே அதன் கை எட்டாது. உங்கள் துளைகள் உள்ளிருந்து வந்தவை. கட்டியின் மேல் ஒருபோதும் பெயின்ட் அடிக்காதீர்கள், பாதி கரைந்ததும் மாற்றுங்கள், தகட்டோடு உலோகத் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இரண்டு ஆண்டில் ஒரு துளியும் கரையாத கட்டி பெரும்பாலும் தொடர்பு அறுந்த கட்டி. உப்பு நீருக்கு இன்று அலுமினியம், துத்தநாகம், இண்டியம் கலந்த ஆனோடே சிறந்தது, துத்தநாகமும் சரிதான். ஆற்றுக்கும் ஏரிக்கும் விற்கும் மக்னீசியக் கட்டியைக் கடலில் போட்டுவிடாதீர்கள். அது அளவுக்கு மீறிக் காக்கப் போய், தகட்டின் மேல் காரத்தைப் பெருக்கும். அலுமினியம் அமிலத்தில் மட்டுமல்ல, காரத்திலும் கரையும் உலோகம்.

மின்சாரத்தைப் பலர் கடைசியில்தான் சந்தேகிக்கிறார்கள். வேகம் என்று பார்த்தால் அதுதான் எல்லாவற்றையும் விட அதிகம். தகட்டை விட்டு நீருக்குள் மின்சாரம் வெளியேறும் இடத்தில் உலோகம் கரையும். ஓர் ஆம்பியர் ஓராண்டு முழுக்க வெளியேறினால் சுமார் 2.9 கிலோ அலுமினியம் போய்விடும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 ஆம்பியர் கசிந்தாலும் ஏறக்குறைய 290 கிராம். 3 மி.மீ. தகட்டில் அது 19 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றுக்குச் சமம். டிரெய்லர் படகுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நீர் இறைக்கும் பம்பின் வயர் இணைப்பு அடிப்பள்ளத்தில் மூழ்கிக் கிடந்தால் செப்புக் கம்பி கரைந்து, அந்தச் செம்பு தகட்டின் மேல் படியும். பச்சைக் கறை தெரிந்தால் அதுதான். இணைப்புகளைப் பசை உள்ள வெப்பச் சுருக்குக் குழாயால் மூடி, நீர் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். படகின் உடலை ஒருபோதும் நெகட்டிவ் வயராகப் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு வயர் தனியாகப் போய்வர வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பாட்டரியின் பாசிட்டிவ் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். ஏதாவது காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எந்தப் பாதை என்று கண்டுபிடியுங்கள். அந்த நேரத்தில் எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் தாங்காது.

நாளைக்கு நீங்கள் படகை நீரிலேயே கட்டிவைக்க நினைத்தால் விஷயம் வேறு. கரை மின்சாரத்தின் எர்த் வயர் வழியாகப் பக்கத்துப் படகுகளோடு உங்கள் தகடும் இணைந்துவிடும்; அந்த வழியே வரும் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டர் இல்லாமல் இணைக்காதீர்கள். பாசி பிடிக்காத பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தால், குப்ரஸ் ஆக்சைடு கலந்த சாதாரண ரகம் அலுமினியத்துக்கு நஞ்சு. டப்பாவில் அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதைப் பார்த்து, எபாக்ஸி அடிப்பூச்சுக்கு மேல்தான் அடிக்க வேண்டும்.

உட்புறப் பெயின்ட்டைப் பற்றி இப்போது சொல்லலாம்: வேண்டாம். குழிகளுக்குள் இருக்கும் உப்பை முழுமையாக எடுப்பது மிகக் கடினம். அதன் மேல் பெயின்ட் அடித்தால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே பூட்டி, கண்ணுக்கும் மறைத்துவிடுவோம். வெறும் தகடாக இருந்தால் வெள்ளைப் பொடி பூத்த அன்றே தெரியும். அந்த வெள்ளையை எடுக்க வினிகரையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டால் போதும். காஸ்டிக் கலந்த சுத்திகரிப்பான் தகட்டையே தின்னும். அலுமினியத்தைப் பளபளப்பாக்கும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்ட நேரத்தில் வலி தெரியாமல் எலும்பு வரை போகும் அமிலம் அது. பளபளப்புக்காக அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பிள்ளைகள் இருக்கும் முற்றத்தில் நிச்சயமாக வேண்டாம்.

உங்கள் இரண்டு துளைகள்: வினிகர் போட்டுக் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கையகலத்துக்குக் கூரிய ஆணியால் அழுத்திக்கொண்டே போங்கள். ஆணி எங்கெல்லாம் அமுங்குகிறதோ அங்கெல்லாம் மார்க்கரால் வட்டம் போடுங்கள். துளை ஊசி அளவுதான் என்றாலும் அதைச் சுற்றி மெலிந்த தகடு பெரும்பாலும் அகலமாக இருக்கும். குழியின் மேல் நேராக வெல்டிங் வைத்தால் உள்ளே இருக்கும் உப்பும் ஹைட்ராக்சைடும் கொதித்து நுண்துளைகளாகும். சில மாதங்களில் பக்கத்தில் இன்னொரு துளை வரும். மெலிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே ரகக் கலவையில் மூலைகள் வளைந்த ஒட்டுத் தகட்டை 5356 கம்பியால் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அந்தப் பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் எரிபொருள் டாங்கையும் நுரையையும் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். பெட்ரோல் ஆவியும் எரியும் நுரையின் புகையும் படகைவிடப் பெரிய இழப்பைக் கொண்டுவரும். துளைகள் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே தரையில் என்ன இருந்தது, மீன்பிடிப் பெட்டியா, பாட்டரியா, பம்பா என்று கழற்றுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.